நாலு நாட்டு ஜெர்சி

செப்டம்பர் 9, ஞாயிறு

தோட்டத்துக் கதவுக்குப் பச்சை வண்ணம் அடித்தேன். கீழ்ப்பாதி அடிக்கக் குந்தி உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. முழங்கால் ஒரேயடியாக மறுத்துவிட்டது. ப்ரெண்டாவைக் கூப்பிட்டேன். "கல்யாணம் பண்ணிக்கிறப்ப உன்னைத் தூக்கி நிறுத்துறதும் என் வேலைன்னு யாரும் சொல்லலியே" என்றாள். தூக்கி நிறுத்தினாள்.

மதியம், அந்தக் காலத்தில் என்னோடு ஒரே அணியில் ஆடிய இங்கிலாந்துக்காரன் டின்ஸ்டேல் ஒரு கடிதத்தோடு வந்தான். அதே கடிதம் காலையில் எனக்கும் வந்திருந்தது. கிரேட் பிரிட்டன் அணி இந்த இலையுதிர்காலத்தோடு முடிகிறது. நியூசிலாந்தோடு மூன்று ஆட்டம். அதற்குப் பிறகு இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று அவரவர் தனியாக ரக்பி லீக் ஆடுவார்களாம். முதல் ஆட்டத்துக்கு முன்னால், அந்த ஜெர்சியைப் போட்ட பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் நடந்து வர வேண்டுமாம்.

"நடக்கணுமாமே. இந்தக் கதவு வரைக்கும் உன்னால நடக்க முடியுமா டாஃபி?"

வேல்ஸ்காரன் எவனாக இருந்தாலும் யார்க்‌ஷயரில் அவன் டாஃபிதான். முப்பத்தேழு வருடம் இந்த ஊரில் இருந்தும் என் பெயர் எம்லின் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

"உன் வயித்தை முன்னால அனுப்பு. நாம ரெண்டு பேரும் பின்னால மெதுவாப் போவோம்" என்றேன்.

டின்ஸ்டேல் கடிதத்தை இன்னொரு முறை படித்தான். "அப்ப இனிமே நீயும் நானும் எதிரியா?" என்று கேட்டான். வேடிக்கையாகத்தான் கேட்டான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 16, ஞாயிறு

இந்த வாரம் முழுக்க அந்த பஸ் நினைவாகவே இருக்கிறது. பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு போகும்போதுகூட, பின்னால் கத்துகிற பிள்ளைகளின் சத்தம் வேறு சத்தமாகக் கேட்கிறது.

ஆஸ்திரேலியப் பயணம். மூன்று மாதம். இருபத்தாறு பேர். பாதிப் பேர் சுரங்கத்தில் விடுப்பு வாங்கி வந்தவர்கள், ஒருவன் தபால்காரன், ஒருவன் கசாப்புக்கடை. வறண்ட ஊர்களுக்கு நடுவே எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் பஸ்ஸில் போவோம். யாராவது ஒருவன் பாட ஆரம்பிப்பான். கம்பர்லாந்துக்காரனான டின்ஸ்டேலுக்கு ஒரே ஒரு பாட்டுதான் தெரியும். அதுவும் ஆட்டைப் பற்றி. நான் சாப்பல் பாட்டு, எங்கள் ஊர்த் தேவாலயத்துப் பாட்டு, பாடுவேன். டூகல் ராட்ரே என்ற ஸ்காட்லாந்துக்காரன் பாடினால் டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்ப்பான், யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று.

பிரிஸ்பேனில் எதிரணிக்காரன் ஒருவன் ராட்ரேயைப் பார்த்து, "எழுந்திருடா இங்கிலீஷ்காரா" என்றான். அவ்வளவுதான். அடித்தது ராட்ரே. ஆட்டத்தைவிட்டு வெளியே அனுப்பப்பட்டது, பக்கத்தில் நின்ற நான். உடை மாற்றும் அறையில் ராட்ரே மன்னிப்புக் கேட்டான். "என்ன திட்டினாலும் பொறுத்துக்குவேன் எம்லின். அது மட்டும் முடியாது." ஓரத்தில் உட்கார்ந்து காலில் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்த டின்ஸ்டேல், "நான் இங்கிலீஷ்காரன்தான்டா. அது அவ்வளவு பெரிய வியாதியா?" என்று கேட்டான். சிரிப்பில் அறையே அதிர்ந்தது.

அந்த மூன்று மாதமும் என்னை யாரும் நீ எந்த ஊர்க்காரன் என்று குற்றமாகக் கேட்கவில்லை. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள். வெள்ளை ஜெர்சி, மார்பில் சிவப்பும் நீலமுமாக ஒரு 'வி' எழுத்து. ஏழு முறை போட்டேன்.

செப்டம்பர் 30, ஞாயிறு

கிரெய்க் பெயர் பட்டியலில் இருக்கிறது. என் மகன். கடைசி அணியில்.

ப்ரெண்டா அழுதாள். நான் போய்க் கதவின் மேல்பாதிக்கு வண்ணம் அடித்தேன்.

அக்டோபர் 27, சனி

நடந்துவிட்டோம்.

நூற்றுக்கு மேல் கிழவர்கள். எல்லோரும் கோட்டு, கழுத்துப்பட்டை. சிலரை யாரென்றே தெரியவில்லை. காதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். ஆட்ட நெரிசலில் நசுங்கிய காது மட்டும் மாறுவதில்லை. ராட்ரே பக்கவாதம் வந்தவன், இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். பேச்சு சரியாக வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் முயற்சி செய்து, "பிரிஸ்பேன்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒலிபெருக்கியில் பெயரையும் பிறந்த ஊரையும் சேர்த்துச் சொன்னார்கள். "எம்லின் பார்ஃபிட், நான்டிகோ." ஊர்ப் பெயரை அந்த ஆள் கொன்றுவிட்டான். இருந்தாலும் அந்த இரண்டும் சேர்ந்து காதில் விழுந்து எத்தனை வருடம் ஆயிற்று?

கைதட்டல் பெரிதாக இருந்தது. டின்ஸ்டேல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நடந்தான், பாதி தூரம்.

கடைசி இருபது நிமிடம் கிரெய்க் இறங்கினான். முதல் மோதலிலேயே அவன் தாடையை நியூசிலாந்துக்காரன் ஒருவன் திருப்பிவிட்டான். எழுந்து ஓடினான். அவன் முதுகில் அந்த ஜெர்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெயித்தோம்.

நவம்பர் 10, சனி

மூன்றாவது ஆட்டமும் ஜெயித்தோம். மூன்றும் நமக்கு. அதோடு சரி. ஜெயித்துக்கொண்டிருக்கிற ஓர் அணியைக் கலைக்கிறார்கள்.

டின்ஸ்டேல் தொலைபேசியில்: "சாவு வீட்டுல சாப்பாடு நல்லா இருந்த மாதிரி இருக்குடா."

நவம்பர் 25, ஞாயிறு

கிரெய்க் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். மாட்டிறைச்சி, புட்டிங், ப்ரெண்டாவின் கிரேவி. இரண்டாம் முறை பரிமாறும்போது சொன்னான். இங்கிலாந்திலிருந்தும் அழைப்பு, வேல்ஸிலிருந்தும் அழைப்பு. அப்பா பிறந்த ஊர் வழியாக அவனுக்கு அந்தத் தகுதி உண்டாம்.

"வேல்ஸ்னு சொல்லிட்டேன்" என்றான்.

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். "பைத்தியமா உனக்கு? இங்கிலாந்து கூப்பிடுது, அதை விட்டுட்டு அவனுங்ககிட்டப் போறியா?"

"சந்தோஷப்படுவேன்னு நெனச்சேன்ப்பா."

"நான் கேட்டேனா?"

"நீ எதையும் கேக்க மாட்ட. எதையும் சொல்லவும் மாட்ட. எனக்கு இருபத்தாறு வயசு. உன் ஊர்ல ஒரு ராத்திரி தங்கினதில்ல. எனக்குப் பேரு வெச்சதுகூட அந்த ஊர்ப் பேரு இல்ல."

"அவனுங்க பேரு உனக்கு எதுக்குடா?"

கத்திவிட்டேன். தட்டில் பாதி அப்படியே இருக்க எழுந்து போய்விட்டான். ப்ரெண்டா அந்தத் தட்டின் மேல் இன்னொரு தட்டை மூடி அடுப்புப் பக்கம் வைத்தாள், திரும்பி வருவான் என்று. வரவில்லை.

நவம்பர் 27, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

என் ஊரில் ரக்பி என்றால் யூனியன். அதில் காசு வாங்கக் கூடாது. வட இங்கிலாந்தில் ஆடுகிற இன்னொரு வகை லீக், அதில் வாங்கலாம். இருபத்தொரு வயதில் நான் வடக்கே வந்தேன். வந்தவனுக்கு ஆயுள் தடை. யூனியன் கிளப் எதிலும் ஆடக் கூடாது, உள்ளே காலும் வைக்கக் கூடாது. திருடிவிட்டு வந்தவனுக்குக்கூட அங்கே ஒரு கோப்பை தேநீர் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி இரண்டு வருடம் கழித்து, மார்ச் மாதம், அப்பா செத்துப் போனார். சாப்பலில் பிரார்த்தனை, மலைச்சரிவில் அடக்கம். பிறகு எல்லோரும் தேநீருக்கு கிளப் கட்டடத்துக்குப் போனார்கள். நான்டிகோவில் அவ்வளவு பேர் உட்கார வேறு இடம் கிடையாது. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கிய என் தோளில் இன்னும் வலி இருந்தது. நான் வாசலுக்குப் போனேன்.

ஹைவெல் நின்றான். கிளப் செயலாளர். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து இருக்கை. ஒரே அணியில் ஆறு வருடம்.

"நீ உள்ள வர முடியாது எம்லின். உனக்கே தெரியும்."

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்தான்."

என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. என் கழுத்துப்பட்டையைப் பார்த்துச் சொன்னான்.

வெளியே நின்றேன். மழை. உள்ளே என் அப்பாவைப் பற்றிப் பேசிச் சிரிக்கிற சத்தம். சாவு வீட்டில் நல்ல மனிதனைப் பற்றித்தான் அப்படிச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அம்மா ஒரு தட்டோடு வெளியே வந்தாள். கூப்பிட்டுப் பார்த்தார்கள், அவள் திரும்ப உள்ளே போகவில்லை. ஒரே குடையில் இரண்டு பேரும் நின்றோம், பஸ் வரும்வரை.

கிரேட் பிரிட்டன் என்றால் வேல்ஸும் சேர்ந்ததுதானே? அந்த ஜெர்சியில் என் ஊரும் இருந்தது. என் ஊரில்தான் நான் இல்லை.

பன்னிரண்டு வருடம் முன்னால் தடையை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. யார் எழுதுவார்கள்?

டிசம்பர் 25, செவ்வாய்

கிரெய்க் மனைவி வீட்டுக்குப் போயிருக்கிறான். வான்கோழி இரண்டு பேருக்கு ரொம்பப் பெரிது.

பிப்ரவரி 3, ஞாயிறு

ப்ரெண்டா அவனிடம் சொல்லிவிட்டாள். அடக்கம், வாசல், மழை, எல்லாம். பாத்திரம் கழுவிக்கொண்டே, "நான் சொல்லிட்டேன். கோபப்படணும்னா இப்பவே பட்டுடு, அஞ்சு மணிக்கு என் தங்கச்சி வர்றா" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் என்றுதான் நினைத்தேன்.

பிப்ரவரி 10, ஞாயிறு

கிரெய்க் கார் வாசலில் வந்து நின்றது. பத்து நிமிடம் இறங்கவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் போகவில்லை. எங்கிருந்து வந்தது இந்தப் பிடிவாதம் இவனுக்கு என்று ப்ரெண்டாவிடம் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். "வேணாம்னு சொல்லுப்பா, விட்டுடறேன். இன்னும் எதுலயும் கையெழுத்துப் போடல."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நீ எதுக்கு அங்க போகணும்னு நெனச்ச? எனக்காகன்னு சொல்லாத."

"ஸ்கூல்ல என்னை டாஃபி மகன்னுதான் கூப்பிட்டானுங்க. நல்லா ஆடினாலும் டாஃபி மகன், மோசமா ஆடினாலும் டாஃபி மகன். அது என்னன்னே தெரியாம கேட்டுக்கிட்டு இருந்தேன். போய்ப் பார்க்கணும்ப்பா. அவ்வளவுதான்."

இதை அவன் இதுவரை சொன்னதில்லை. நாங்கள் இரண்டு பேருமே எதையும் சொல்லாதவர்கள்.

"போ" என்றேன். "போய்ப் பாரு."

மே 11, ஞாயிறு

இன்று சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

வேல்ஸ் அணி முகாமிலிருந்து கிரெய்க் தொலைபேசி. ஆட்டத்துக்கு முன்னால் தேசிய கீதம் பாட வேண்டும், அணியில் நான்கு பேருக்குத்தான் வேல்ஸ் மொழி வரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலிருந்து இரண்டு பேர், அவர்கள் பாட்டி வேல்ஸ்காரியாம். லங்காஷயரிலிருந்து ஐந்து பேர். கார்டிஃப் துறைமுகத்துப் பையன் ஒருவன், அப்பா சோமாலி. மற்றவர்கள் என் மகனைப் போல.

"ஒவ்வொரு எழுத்தா சொல்லுப்பா. நான் காதுல விழற மாதிரியே எழுதிக்கிறேன்."

சொன்னேன். ஒரு எழுத்து வரவேயில்லை. "நாக்கை மேல ஒட்ட வெச்சுக்கிட்டு, பூனை சீறுற மாதிரி காத்தை விடு" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சீறல். பின்னால் இன்னொரு சீறல். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். ஏழெட்டுப் பேர் வரிசையாகச் சீறினார்கள். "எங்க பாட்டி கோபம் வந்தா இப்படித்தான் பண்ணும்" என்றது ஓர் ஆஸ்திரேலியக் குரல். சமையலறையிலிருந்து ப்ரெண்டா, "அடுத்த வீட்டுப் பூனைக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

முழுதாக ஒருமுறை பாடிக் காட்டச் சொன்னார்கள். ஆரம்பித்தேன். மூன்றாவது வரியோடு நின்றுவிட்டேன். இந்த மொழியில் கடைசியாகப் பேசியது அம்மாவோடு. பிறகு கிரெய்க் மெதுவாக, "மூணாவது வரி மட்டும் இன்னொரு தடவை" என்றான்.

இதுவும் அந்த பஸ் மாதிரிதான் இருக்கிறது. எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்.

ஜூன் 14, சனி

கிரெய்க்குடைய முதல் வேல்ஸ் ஆட்டம், ஸ்காட்லாந்தோடு. மைதானம் நான்டிகோவிலிருந்து நான்கு மைல். டின்ஸ்டேல்தான் கார் ஓட்டினான். "எதிரி நாட்டுக்குள்ள என்னை நீதான் காப்பாத்தணும்" என்று ஐந்து மணி நேரமும் சொல்லிக்கொண்டே வந்தான்.

கீதம் பாடும்போது கிரெய்க் வாயையே பார்த்தேன். மூன்றாவது வரி சரியாக வந்தது. ஜெயித்தார்கள், எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்றுகிற ஒரே ஒரு ட்ரை வித்தியாசத்தில்.

ஆட்டம் முடிந்து ப்ரெண்டா கழிவறை வரிசையில் நின்றாள். நான் வேலியோரம் நின்றேன். கைத்தடியோடு ஒருவன் வந்தான். தலை வழுக்கை, தோள் சரிந்திருந்தது. நடையை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

"எம்லின்" என்றான்.

"ஹைவெல்."

"மகன் நல்லா ஆடறான்."

"ஆமா."

நகர்ந்துவிடலாம் என்று பார்த்தேன். அவன் கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பேசத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறான் என்று தெரிந்தது. எங்கள் வேல்ஸ் மொழியில் பேசினான்.

"அன்னிக்கு உன்னைத் தடுத்தேன்ல. சட்டம்னு சொன்னேன். சட்டம் மட்டும் இல்ல. நீ வடக்க போன அடுத்த மாசம் நானும் போனேன்."

எனக்குப் புரியவில்லை.

"உன் கிளப்புக்குத்தான்டா. சோதனை ஆட்டம். வேற பேரு போட்டுக்கிட்டு. ரெண்டாவது அணியில இறக்கினாங்க. நீ முதல் அணியோட வெளியூர் போயிருந்த. பழக்கத்துல பார்க்காமலேயே, நீ எப்பவும் நிக்கிற இடது பக்கம் பந்தை வீசினேன். அங்க நீ இல்ல. எதிராளி எடுத்துக்கிட்டு ஓடிட்டான். ரெண்டு தடவை அப்படி. வேணாம்னுட்டாங்க. ரயில் ஏறி வந்துட்டேன். பெண்டாட்டிக்குக்கூட அத்தை வீட்டுக்குப் போனேன்னுதான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வாசல்ல வந்து நின்ன. அங்க யாராவது உனக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். உள்ள விட்டா ரெண்டு கிளாஸுக்கு அப்புறம் நீ வாய் திறந்துடுவன்னு பயம். திறந்தா எனக்கும் தடை. இருக்கறது அந்த ஒரு கிளப். ஒவ்வொரு ராத்திரியும்—" நிறுத்திக்கொண்டான். "உங்க அம்மா வெளிய வந்து நின்னாங்கல்ல. அதை நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு இருந்தேன்."

எத்தனை வருடமாக எத்தனை பதில் வைத்திருந்தேன் இவனுக்கு. ஒன்றும் இந்த ஆளுக்குப் பொருந்தவில்லை.

"எனக்கு யாரும் சொல்லல" என்றேன். "இன்னிக்குத்தான் தெரியும்."

தலையாட்டினான். நான்டிகோ கிளப்பில் தேநீர் வைத்திருக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டான்.

"இன்னிக்கு வேணாம் ஹைவெல்."

"சரி." போய்விட்டான். கொஞ்ச தூரம் போனதும், உன் தொலைபேசி எண் என்ன என்று திரும்பி வந்து கேட்டான். ஆட்ட நிரல் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

காரில் ப்ரெண்டாவிடமும் டின்ஸ்டேலிடமும் சொன்னேன். ரொம்ப தூரம் போன பிறகு டின்ஸ்டேல் சொன்னான்: "அந்த ஆள் பாவம்டா. உனக்காவது ஒரு பஸ் கிடைச்சுது."

ஜூன் 22, ஞாயிறு

மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை. அவன் மேல் கோபம் வந்தால், ரயிலில் தனியாக உட்கார்ந்து திரும்பிப் போகிற இருபத்தொரு வயதுக்காரன் குறுக்கே வருகிறான். அம்மா குடையோடு நின்றதை நினைத்தால் மறுபடியும் வருகிறது. இரண்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹைவெல் மூன்றாவது முறையாகத் தொலைபேசியில் பேசினான். தக்காளிச் செடிக்கு வந்த நோய் பற்றி நாற்பது நிமிடம். என் வேல்ஸ் மொழி துருப்பிடித்துவிட்டதாம். திருத்தினான். திமிர் போகவில்லை அவனுக்கு.

அக்டோபர் 12, ஞாயிறு

நேற்று இங்கிலாந்தும் வேல்ஸும் ஆடின, நம் வீட்டிலிருந்து அரை மணி தூரத்தில். ஹைவெல் வெள்ளியன்றே வந்துவிட்டான். நம் வீட்டில்தான் தங்கல். குறட்டைச் சத்தத்தில் ப்ரெண்டா தூங்கவில்லை.

வேல்ஸ் மோசமாகத் தோற்றது. இடது பக்கம் டின்ஸ்டேல், வலது பக்கம் ஹைவெல், நடுவில் நான். இங்கிலாந்து ஒவ்வொரு முறை ட்ரை போடும்போதும் டின்ஸ்டேல் எழுந்து கைதட்டிவிட்டு, எங்களைப் பார்த்து "மன்னிச்சுக்குங்கப்பா" என்றான். ஏழாவது முறைக்குப் பிறகு எழுவதை விட்டுவிட்டான். கிரெய்க் எண்பது நிமிடமும் ஆடினான். முடிந்ததும், போன வருடம் தன்னோடு ஒரே ஜெர்சியில் ஆடிய இங்கிலாந்துக்காரனோடு தோளில் கைபோட்டு நடந்து வந்தான். இரண்டு பேர் முகத்திலும் ரத்தம், யாருடையது என்று தெரியவில்லை.

இன்று காலை ஹைவெல், தான் சோதனை ஆட்டம் ஆடிய என் கிளப்பின் பழைய மைதானம் எங்கே இருக்கிறது என்று கேட்டான். இடித்துப் பதினைந்து வருடம் ஆயிற்று, இப்போது அங்கே சூப்பர் மார்க்கெட் என்றேன். பரவாயில்லை, பார்க்கணும் என்றான்.

போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தள்ளுவண்டிகள். கார் நிறுத்தும் இடத்தின் நடுவில் நின்று கைத்தடியால் திசை காட்டினான். பார்வையாளர் மாடம் அந்தப் பக்கமா? ஆமாம். அப்படியென்றால் கோல் கம்பம் இங்கே. கொஞ்ச தூரம் எண்ணி நடந்து, ஒரு நீல நிற வேனுக்குப் பக்கத்தில் நின்றான்.

"இங்கதான்டா. இங்க இருந்துதான் வீசினேன்."

நான் அவனுக்கு இடது பக்கம் பத்தடி தள்ளி, கொஞ்சம் பின்னால் போய் நின்றேன். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். நகரவில்லை. ஹைவெல் திரும்பாமலேயே, "இருக்கியா?" என்று கேட்டான்.

"இருக்கேன்" என்றேன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ப்ரெண்டா சொன்ன பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.